கேப்டன் பிடித்த கதவு

கோவையில் ஓர் அச்சகத்தின் மாடியறை. ஞாயிறுதோறும் எட்டுப் பேர் அங்கே கூடி, பகடை உருட்டி, ஒரு விண்கப்பலின் கதையை விளையாடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரம்; ஆபத்து வந்தால் அது பிழைக்குமா என்பதை அவரவர் உருட்டும் பகடைதான் முடிவுசெய்யும். நடப்பதைச் சொல்ல ஒரு கதைசொல்லி.

அந்தக் கதையுலகத்தை உண்டாக்கியவள் நப்பின்னை. முப்பது வயது. அவளிடம் கதை சொல்லப் பழகி, இப்போது கதைசொல்லியாக இருப்பவர் மாசிலாமணி, ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. அவளைக் "குருவே" என்று கூப்பிடுவார். முதலில் கேலியாகக் கூப்பிட்டார். நாளடைவில் கேலி போய்விட்டது.

அந்த வாரம் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஞாயிறுவரை பொறுக்க மாட்டாமல் புதனன்றே அவள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"என்னாச்சுங்க?" என்றாள்.

"நம்ம உலகத்துல, கப்பல் மருத்துவச்சிக்கு என்ன சக்தி?"

"இரும்பைத் தொட்டா, அதை முன்னால தொட்டவங்க குரல் கேட்கும். நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே."

"போன ஞாயிறு அதை மீறிட்டேன், குருவே. இரும்புக் கதவு மூடலைன்னா கப்பல் வெடிக்கப் போகுது. மருத்துவச்சியா ஆடுற ஜெசிந்தா பகடையைக் கையில வச்சுக்கிட்டு நடுங்கறா. எனக்கு மனசு கேக்கல. அவ உருட்டறதுக்குள்ள, 'நினைச்சாலே இரும்பு நகருது, கதவு மூடிருச்சு'ன்னு சொல்லிட்டேன். எல்லாரும் கை தட்டினாங்க. துரைக்கண்ணு மட்டும் தட்டல."

"என்ன சொன்னார்?"

"'அப்போ என் கேப்டன் எதுக்குச் செத்தாரு?'ன்னார்."

மூன்று மாதத்துக்கு முன், பழுதான கதவைத் தோளால் தாங்கி மற்றவர்களைத் தப்பவிட்டுச் செத்தது துரைக்கண்ணு ஆடிய கேப்டன்; அவர் உருட்டிய பகடை கைகொடுக்கவில்லை. பக்கத்தில்தான் நின்றிருந்தாள் மருத்துவச்சி.

மாசிலாமணி சன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தார்.

"ஒரு வழி வச்சிருக்கேன். போன வாரம் மருத்துவச்சி மேல ஒரு விண்கல் தூசி பட்டுத்தான் அந்தச் சக்தி வந்துச்சுன்னு எழுதிடலாம். பொருந்திடும்."

நப்பின்னை துரைக்கண்ணுவுக்குப் போன் போட்டு, மாசிலாமணி கையில் கொடுத்தாள்.

மாசிலாமணி தூசியைப் பற்றிச் சொன்னார்.

"அந்தத் தூசி மூணு மாசம் முந்தி பட்டிருக்கக் கூடாதாங்க?" என்றார் துரைக்கண்ணு. போனை வைத்துவிட்டார்.

மாசிலாமணி போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்போ கொடுத்த சக்தியைத் திரும்ப வாங்கணுமா? கதவு மூடாம நின்ன இடத்துக்கே கதையைக் கொண்டு போகணுமா? மருத்துவச்சி செத்தாலும் செத்துடுவா. ஜெசிந்தா அழுவாளே, குருவே!"

"திங்கக்கிழமையே வந்து அழுதுட்டுப் போனா," என்றாள் நப்பின்னை. "'கேப்டனை உருட்ட விட்டாரு. என்னை உருட்டவே விடலையே, அக்கா'ன்னு."