சிவப்புப் பூ கட்டிய இழை

கருங்குளத்தின் கரையில் ஒரு கிழ நாவல் மரம். அந்த மரத்தில்தான் காட்டின் எல்லா இழைகளும் வந்து கூடின.

இழைகளைப் பின்னியது ஒரு சிலந்தி. மரத்துக்கு மரம், புதருக்குப் புதர், பாறைக்குப் பாறை என்று காடு முழுவதும் அது நூல் ஓட்டியிருந்தது. ஓர் இழையின் மேல் காலை வைத்தால் போதும். மறுமுனையில் யார் பேசினாலும் காதில் விழும். இங்கிருந்து பேசினால் அங்கே கேட்கும். எந்த இழை யாருடையது என்று தெரிவதற்கு, மரத்தில் வந்து சேரும் ஒவ்வோர் இழையிலும் ஓர் இலை முகவரியாகத் தொங்கியது. மாவிலை காக்கையுடையது, அதில் ஊர்ச் செய்தி. புங்க இலை ஆமைத் தாத்தாவுடையது. அதில் குட்டிகளுக்குக் காலைப் பாடம். தாமரை இலை தவளைகளுடையது. அதில் பாட்டு.

மழை பிடித்துவிட்டால் தவளைப் பாட்டு தனி ரகம். பெரியவர்கள் கேட்டு வாய்க்குள்ளேயே சிரித்துக்கொள்ளும் பாட்டு. குட்டிகளுக்கு ஆகாது. அதற்காக யாரும் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. நாவல் மரத்தடியில்தான் ஆம்பல் இருந்ததே!

ஆம்பல் ஒரு நீர்க்கோழி. இழைகள் கூடும் இடத்தில் ஒரு காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரியவர்கள் மிதித்தால் இழை கனமாக அசையும். குட்டிகள் மிதித்தால், புல் நுனியில் தும்பி உட்கார்ந்ததுபோல் நடுங்கும். நடுங்கியதும் ஆம்பல், "க்ளுக்!" என்று ஒரு குரல் கொடுக்கும். அவ்வளவுதான்! பாட்டுக்காரத் தவளை பம்பை, பாடிக்கொண்டிருக்கும் வரியை அந்தரத்திலேயே திருப்பிவிடும்.

"சேற்றுக்குள்ளே ரெண்டு பேரு,
விடிஞ்சு பார்த்தா நூறு பேரு"

என்பது பாட்டு. 'க்ளுக்' விழுந்துவிட்டால்,

"சேற்றுக்குள்ளே ரெண்டு பேரு,
விடிஞ்சு பார்த்தா ஆல வேரு!"

குட்டிகள் ஒன்றும் புரியாமல் துள்ளிச் சிரிக்கும். பெரியவர்கள் எல்லாம் புரிந்து சிரிப்பார்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு சிரிப்பு. பம்பை எப்படித் திருப்புகிறது என்று கேட்பதற்கே அக்கரையிலிருந்து முயல்கள் வரும். அந்த மழைக்காலங்களை ஆம்பல் இன்றும் நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் ஆம்பல் தன் முட்டைகளைப் புரட்டிவிடக் கூட்டுக்குப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பொட்டு என்ற மான்குட்டி தாமரை இலை இழையை மிதித்துவிட்டது. 'க்ளுக்' இல்லை. பாட்டு திரும்பவில்லை.

பொட்டு நேரே தன் அம்மா மருதியிடம் ஓடியது. எல்லோரும் தண்ணீர் குடிக்கக் கூடியிருந்த வேளை.

"அம்மா! சேற்றுக்குள்ளே ரெண்டு பேர் போனாங்களாம். விடிஞ்சு பார்த்தா நூறு பேராம்! ரெண்டு எப்படிம்மா நூறு ஆச்சு?"

கரடிக்குப் புரை ஏறியது. மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. மருதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"வாயை மூடு! யாரு சொல்லிக் கொடுத்தா உனக்கு இதெல்லாம்?"

பொட்டுவின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. அன்று மாலையே கூட்டம் மட்டும் போட்டார்கள்.

"தவளைகளைக் குளத்தை விட்டே விரட்டணும்!" என்றது மயில்.

"விரட்டிட்டா நீ பாட்டுக் கேட்க எங்கே போவே? நேற்றுகூட உன் தோகை தாமரை இலைக்குப் பக்கத்தில்தானே கிடந்தது!" என்றது கரடி.

எல்லோரும் சிரித்தார்கள். மரங்கொத்தி உளியன் அடிமரத்தில் 'டொக் டொக்' என்று தட்டிச் சிரிப்பை அடக்கியது. உளியனுக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும்.

"சண்டை எதுக்கு? வழி நான் சொல்றேன். பெரியவங்களுக்கான பாட்டு, பேச்சு, கதை எல்லாத்துக்கும் தனியா இழை ஓட்டுவோம். பாறைப் பக்கம் அது பாட்டுக்குப் போகட்டும். அந்த இழைகளில் இலை கிடையாது. செவ்வரளிப் பூ! சிவப்புப் பூவைக் கண்டால் குட்டிங்க மிதிக்கக் கூடாது. தீர்ந்தது!"

"பூக் கட்டி மரியாதை வேற பண்ணப்போறோமா இவங்களுக்கு?" என்றது கரடி.

"மரியாதையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் அண்ணே," என்றது பம்பை. "இன்னைக்கு எங்களையெல்லாம் ஒரே பக்கமா உட்கார வைப்பீங்க. நாளைக்கு யாருக்காவது கோபம் வந்தா, ஒரே கடியில் அறுத்து விட்டுடலாம்."

"எல்லோரும் போய்த்தான் ஆகணுமா?" என்று மேலேயிருந்து கேட்டது சிலந்தி.

"கட்டாயம் இல்லை. விருப்பப்பட்டவங்க போகலாம்," என்றது உளியன்.

ஆம்பல் மெல்ல எழுந்தது. "உளியண்ணே, சிவப்புப் பூ குட்டிங்க கண்ணுக்கும் சிவப்பாத்தானே தெரியும்? மிதிக்காதேன்னு சொன்னா மிதிச்சுத்தானே பார்க்கும்?"

"உன் வேலை போயிடுமேன்னு பேசுறே நீ!"

மறுபடியும் சிரிப்பு. மருதி மட்டும் சிரிக்கவில்லை. "எங்களுக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும், ஆம்பலக்கா," என்றது. "பூ இருந்தா நாங்க கொஞ்சம் கண் அசரலாம்."

தாய்மார்கள் எல்லோரும் தலையசைத்தார்கள். அத்துடன் முடிந்தது. அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும் இழையில் நடுவே கால் வைத்துக் கேட்பது இனி ஒட்டுக்கேட்பது, குற்றம் என்றும் முடிவாயிற்று. ஆம்பல் நாவல் மரத்தடியை விட்டுக் கோரைப் புல்லுக்குள் போய்விட்டது.

பம்பையும் அதன் கூட்டமும் சொன்ன பேச்சுக்குக் கட்டுப்பட்டுப் பூ கட்டிய இழைக்குப் பாறைப் பக்கம் போய் உட்கார்ந்தன. முரட்டுத் தவளைகள் சில ஒரு பூவையும் வாங்கிக் கட்டின. பழைய இலையையும் விடவில்லை. இரண்டு பக்கமும் பாடின. கேட்டால், "கட்டாயம் இல்லைன்னுதானே சொன்னீங்க?" என்றன.

பிறகுதான் வந்தது பெரிய வேடிக்கை. ஒரு குரங்கு, விளையாட்டுக்கு ஆமைத் தாத்தாவின் பெயரில் ஒரு சிவப்புப் பூவைக் கட்டிவிட்டது. தாத்தா பதறிப்போய் உளியனிடம் வந்தது.

"என்னய்யா அநியாயம் இது! என் வயசென்ன, வாழ்வென்ன!"

"அதை அவிழ்த்துட்டு, நீங்களே முந்திக்கிட்டு உங்க பேரில் ஒரு பூவைக் கட்டி வெச்சா வேற யாரும் கட்ட முடியாது," என்றது உளியன். உளியன் கேட்ட விலை, பூ ஒன்றுக்கு ஒரு கொழுத்த புழு.

ஆமைத் தாத்தா வாங்கியது. அதைக் கேள்விப்பட்டு மயில் வாங்கியது. கரடி வாங்கியது. மானம் மரியாதைக்குப் பயந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு பூ வாங்கினார்கள். நாவல் மரம் சிவந்துபோயிற்று. எந்தப் பூவுக்குப் பின்னால் பாட்டு, எந்தப் பூவுக்குப் பின்னால் பயம் என்று பெரியவர்களுக்கே தெரியவில்லை. குட்டிகளுக்கு எப்படித் தெரியும்?

மழை வந்தது. தாய்மார்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பாறைப் பக்கமிருந்து பாட்டும் வந்தது. ஆனால் அது பழைய பாட்டாக இல்லை. ஒரே வரி, திரும்பத் திரும்ப, இன்னும் சத்தமாக.

ஒரு நாள் பம்பை கோரைப் புல்லோரம் வந்து உட்கார்ந்தது. "குறுக்கே நீ இல்லாம பாட்டு வளர மாட்டேங்குது, ஆம்பலு. திருப்பச் சொல்றதுக்கு ஆளில்லை. எதுக்குத் திருப்பணும்னு எங்க கூட்டத்துச் சின்னப் பசங்க கேட்கிறானுங்க."

ஆம்பலின் முட்டைகள் பொரிந்து, குஞ்சுகளும் சிறகு முளைத்துத் தத்தம் வழியே போய்விட்டிருந்தன. கோரைப் புல்லில் காற்று மட்டும்தான் வந்து போய்க்கொண்டிருந்தது.

மூட்டம் போட்ட ஒரு மதியம். காடே உறக்கத்தில் கிடந்தது. ஆம்பலுக்கு என்னவோ நாவல் மரத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வந்து நின்றது. எத்தனை பூக்கள்! அவற்றில் ஒன்று அசைந்தது. அந்த இழை நடுங்கிற்று. புல் நுனியில் தும்பி உட்கார்ந்ததுபோல.

ஒட்டுக்கேட்பது குற்றம். ஆம்பல் காலைத் தூக்கியது; கீழே வைத்தது. மறுபடியும் தூக்கி, இழையின் மேல் வைத்தது.

"கேள்விதானே, கண்ணு? சொல்லாம இருப்பேனா?" என்றது ஒரு குழைந்த குரல். "அங்கேயிருந்து கேட்டா விளங்காது. இழையோரமாவே பாறை இடுக்கு வரைக்கும் வா."

"பக்கத்தில் வந்துட்டேன். ஆனா அம்மா திட்டுவாங்க," என்றது பொட்டு.

"அம்மாகிட்ட ஏன் சொல்றே? ஆமைத் தாத்தாவே சிவப்புப் பூ வெச்சிருக்கார், பார்த்தியா? வா, வா."

ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு சீறல் ஒட்டிக்கொண்டிருந்தது. மலைப்பாம்பு! "பெரியவங்களுக்கானதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உளியன் அதற்கும் ஒரு பூக் கொடுத்திருந்தது.

"க்ளுக்!" என்று கத்தியது ஆம்பல். ஒன்றும் நடக்கவில்லை. அந்த இழையில் அதற்குப் பொருள் தெரிந்தவர் யாருமில்லை. ஓடிப் போகவும் நேரமில்லை. குட்டி பாறையருகே போய்விட்டது.

"டேய் பொட்டு! ஆம்பல் அத்தை பேசுறேன்!"

"ஐயோ அத்தை! நான் ஒண்ணும் செய்யலை!"

"திட்ட வரலைடா. ரெண்டு எப்படி நூறு ஆச்சுன்னுதானே கேட்டே? நின்ன இடத்திலேயே நில்லு. நான் சொல்றேன்."

"அவ பொய் சொல்வா, கண்ணு," என்றது பாம்பு. "பெரியவங்க யாரும் உன்கிட்ட நிஜத்தைச் சொல்ல மாட்டாங்க. அன்னைக்குச் சொன்னாங்களா?"

பொட்டு தயங்கியது. இழை முன்னும் பின்னும் ஆடியது. இத்தனை காலம் பாட்டைத் திருப்ப வைத்ததே தவிர, ஒரு குட்டியிடமும் ஆம்பல் இதைப் பேசியதில்லை.

"கேளு. ஆண் தவளையும் பெண் தவளையும் ஒருத்தரை ஒருத்தர் பிடிச்சுப்போய் மழையில் ஜோடி சேரும். அப்புறம் பெண் தவளை தண்ணியில் முட்டை இடும். ஒண்ணு ரெண்டு இல்லை, கொத்துக் கொத்தா. அது பொரிஞ்சு தலைப்பிரட்டை ஆகும். அதுதான் நூறு பேரு. நானும் அப்படித்தான் முட்டை இட்டேன். உங்க அம்மாவும் அப்பாவும் அப்படித்தான் ஜோடி சேர்ந்தாங்க. ஆனா மான் முட்டை இடாது. நீ அம்மா வயித்துக்குள்ளேயே இருந்தே. உன்னைச் சுமந்துக்கிட்டு அவ மூச்சு வாங்க வாங்க இந்தக் கரையில் நடந்ததை நான் பார்த்திருக்கேன்."

இழை ஆடுவது நின்றது.

"அவ்வளவுதானா?" என்றது பொட்டு.

"அவ்வளவுதான்."

"இதுக்கா கூட்டம் போட்டாங்க?"

ஆம்பலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஆமாடா. இப்போ உன் எதிரே பாறை இடுக்கில் என்ன தெரியுது, பார்த்துச் சொல்லு."

"ரெண்டு மின்மினி. அசையாம இருக்கு."

"மின்மினி இல்லைடா, பாம்புக் கண்ணு! திரும்பி ஓடு!"

'சட்'டென்று இழை அறுந்தது. ஆம்பலின் காலடியில் நூல் துவண்டு விழுந்தது. அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. மழை தூறத் தொடங்கியது. ஆம்பல் அறுந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றது. அழக்கூடத் தோன்றவில்லை.

ஈரச் சருகில் குளம்புச் சத்தம்! வாலில் ஒரு கொத்து மயிரைப் பறிகொடுத்துவிட்டு, வேறு சேதாரம் இல்லாமல், பொட்டு வந்து அதன் சிறகுக்குள் தலையை நுழைத்துக்கொண்டது.

மாலையில் மறுபடியும் கூட்டம். உளியன் தலை நிமிரவில்லை. "அப்போ பூ வெச்சதே தப்பா, ஆம்பலு?"

"பூ மேல் தப்பில்லை, அண்ணே. பெரியவங்களுக்கு இடம் எதுன்னு தெரியட்டும், இருக்கட்டும். அதைக் காவலுக்கு வெச்சுட்டு நாம தூங்கினோம் பாருங்க, அதுதான்."

ஆமைத் தாத்தா முதலில் போய்த் தன் பூவை அவிழ்த்தது. பயத்தில் பூ வாங்கிய மற்றவர்களும் அவிழ்த்தார்கள். பம்பை குளத்துக்குத் திரும்பி வந்தது. அதன் கூட்டத்தில் பாதிப் பேர் வரவில்லை. பாறைப் பக்கம் பழகிவிட்டது என்றார்கள். வந்தவர்களை வைத்துக்கொண்டு பாடியது. முன்போல் நிறைவாக இல்லை. இருந்தாலும் ஆம்பல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டது.

நாவல் மரத்தடியில் இப்போது தாய்மார்கள் முறை வைத்து உட்கார்கிறார்கள். முதல் நாள் வந்தது மருதி.

"அக்கா, குட்டிகிட்ட அதையெல்லாம் சொல்லும்போது உங்களுக்கு வெட்கமா இல்லையா?"

"இருந்தது," என்றது ஆம்பல். "வெட்கத்தோடதான் சொன்னேன்."

ஆகாததைத் தனியே ஒதுக்கி அடையாளம் கட்டலாம். ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதையும் அதன் கேள்விக்குப் பதில் சொல்வதையும் அந்த அடையாளத்திடம் விட்டுவிட்டு நாம் தூங்கக் கூடாது.