வடகரையில் கசிந்த நீர்

குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்லப்போவது நீங்கள்தான்.

ஆனைவாரி ஊர் ஏரிக்கு முப்பது வருடமாகக் கரை உயர்த்தியும் மதகு அமைத்தும் வந்தவன் சாத்தன். ஏரி நிரம்பும் நாளில் ஊர்ச்சபை அவன் தலையில்தான் பட்டுப் பரிவட்டம் கட்டும். அந்த வருடம் வடகரை வேலையை அயலூர்க் காடன் என்ற இளைஞனிடம் சபை கொடுத்தது. பரிவட்டமும் அவனுக்கே போயிற்று. கடைமடை வயல்வரை தண்ணீர் பாய்ந்ததைக் கண்டு சாத்தனின் மனைவி நங்கைகூட, அந்தப் பிள்ளை கெட்டிக்காரன்தான் என்றாள். அன்று சாத்தனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் வடகரையில் நடந்தான். உடம்புக்கு நடை நல்லது என்று சொல்லிக்கொண்டான். கண் மட்டும் கரையின் அடியையே துழாவியது. ஒரு கல் சரிந்திருந்தால் மனம் குளிர்ந்தது. இல்லாத நாளில் எரிச்சலோடு திரும்பினான். யாராவது காடனைப் புகழ்ந்தால், சின்ன வயதில் இத்தனை புகழ் அவனுக்கே கெடுதலாயிற்றே என்று அவனுக்காக வருந்தினான்.

ஐப்பசியில் அடைமழை பிடித்து ஏரி விளிம்பைத் தொட்டது. ஒருநாள் காலை, மதகுக்குப் பக்கத்தில் கரையின் வெளியடியில் நீர் கசிவதைக் காடன் பார்த்தான். நீர் தெளிவாக இருந்தது. தெளிந்த கசிவால் கரைக்கு ஆபத்தில்லை. அதையே சபைக்குச் சொல்லிவிட்டுத் தென்கரைக்குப் போனான்.

பிற்பகலில் சாத்தன் வந்தபோது அதே இடத்தில் நீர் செம்மண் நிறமாகக் கலங்கி வந்தது. கரைக்குள்ளே மண் அரிக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். சொன்னால், பொறாமையில் பேசுகிறான் என்பார்கள். கட்டியவன் பார்த்திருக்கமாட்டானா? அவன் வேலையில் நாம் ஏன் தலையிட வேண்டும்? ஓர் இளைஞனின் பேரைக் கெடுக்காமல் விட்ட நிறைவோடு வீட்டுக்கு நடந்தான்.

அவன் வீடு பள்ளத்தெருவில். வந்ததும் வராததுமாக, விதைநெல் மூட்டைகளை மேட்டுத்தெரு மைத்துனன் வீட்டில் வைக்கச் சொன்னான். எலித் தொல்லை என்றான்.

"எலியா? நான் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லையே" என்றாள் நங்கை.

அதுவரை அவளிடம் காட்டாத கோபத்தை அன்று காட்டினான். அவள் மூட்டைகளைக் கட்டி மேட்டுத்தெருவுக்கு அனுப்பினாள்.

கரைக்காவலன் எயினனோ அன்று ஏரிப்பக்கமே போகவில்லை. மகள் வீட்டில் விருந்து. சாயங்காலம் சபைக்கு வந்து, முழுக்கரையையும் சுற்றிவிட்டேன், குறை ஒன்றுமில்லை என்றான்.

மறுநாள் உச்சிவேளையில் வடகரை உடைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பள்ளத்தெருவில் இருந்த விதைநெல் அத்தனையும் போயிற்று.

காடன், எயினன், தினமும் அந்தக் கரையில் நடந்த சாத்தன் என மூவரையும் சபை விசாரித்தது. தெளிந்த நீர்தானே என்று நம்பிப் போனதாகவும், திரும்பி வந்து பார்த்திருக்க வேண்டும் என்றும் காடன் சொன்னான். எயினன் முதல் கேள்விக்கே காலில் விழுந்து, தான் போகாததை ஒப்புக்கொண்டான். சாத்தன் கண் கலங்க நின்றான்.

"கசிவைப் பார்த்தேன். உடையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பிள்ளையின் பேருக்குக் களங்கம் வரக்கூடாது என்றுதான் பேசாமல் இருந்தேன்."

குரல் தடுமாறவில்லை. கண்ணீரும் பொய்யில்லை.

மூவராலும் ஊர் கெட்டது. இவர்களில் தன்னையே ஏமாற்றிக்கொண்டவன் யார்?

விடை: காடன் கண்டதைக் கண்டபடி சொன்னான், அது கவனப்பிழை. எயினன் ஏமாற்றியது சபையை. தான் போகவில்லை என்பதை அவன் ஒரு கணமும் மறக்கவில்லை. தன்னை ஏமாற்றிக்கொண்டவன் சாத்தன். உடையும் என்று தோன்றாதவன் விதையை மேட்டுக்கு அனுப்புவானா? வெறும் பொய்யனாக இருந்தால் அப்படி அழுதிருப்பானா? நங்கைக்கு இது தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. மூட்டைகளைப் பிரித்துப் பள்ளத்தெருவில் வீடு வீடாக விதை அளந்து கொடுத்தாள். வாங்கியவர்கள் வந்து சாத்தனின் முன்யோசனைக்கு நன்றி சொன்னார்கள். கைகூப்பி, அதையும் ஏற்றுக்கொண்டான்.