மரகதத் தென்றல் இல்லத் திருமணம்

குழந்தைகளே, ஒரு காட்டில் வழிகாட்டும் வேலையை மைனாக்களே செய்துவந்தன. போக வேண்டிய வீட்டின் பெயரை மைனாவிடம் சொன்னால் போதும். அது முன்னே பறந்து, அந்தப் பெயருக்கு உரியவரின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒரு பெயர் ஒருவருக்கே உரியது. பெயர் கைமாறினால் மைனா புதிய உரிமையாளரின் வாசலுக்குப் பறக்கும். "ஏன் மாறியது?" என்று கேட்காது. கேட்பது அதன் வேலையும் அன்று.

அங்கே முள்ளம்பன்றி அம்மாளிடம் இருந்த பெயர் "சொறி மருந்து". மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் சொறியாதவர் எவரும் இல்லை. மானும் வரும், கரடியும் வரும். அம்மாளின் வாசலில் படர்ந்திருந்த கொடியின் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொண்டு, ஆளுக்கொரு கிழங்கை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கொடி எந்தப் புதரிலும் முளைப்பதுதான். ஆனால் மைனாவிடம் சொல்ல வேறு பெயர் எவருக்கும் தெரியாது.

வயிறு நிறைந்திருந்ததால் அம்மாளுக்குக் கவலைப்பட நேரம் கிடைத்தது. மகளுக்கு ஆற்றின் அக்கரையில் நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்திருந்தான்.

"'சொறி மருந்து இல்லத் திருமணம்' என்றா அழைப்பது? சம்பந்தி வீட்டார் சிரிக்கமாட்டார்களா?" என்று புலம்பினாள்.

எதிர்ப்புதரிலிருந்து நரி எழுந்து வந்தான். சென்ற மழைக்காலம் முழுவதும் அவன் அங்கேதான் படுத்துக்கொண்டு அவள் வாசலைப் பார்த்திருந்தான். கேட்டவர்களிடம் இயற்கையை ரசிப்பதாகச் சொல்லியிருந்தான்.

"அக்கா, என்னிடம் ஒரு பெயர் இருக்கிறது. 'மரகதத் தென்றல்'."

"அடடா! யார் யார் அந்தப் பெயரைச் சொல்லி வருகிறார்கள், தம்பி?"

"சாதாரண ஆட்கள் ஒருவர்கூட வந்ததில்லை, அக்கா."

அது முழு உண்மை. சாதாரணமல்லாத ஆட்களும் வந்ததில்லை.

இரு பெயர்களையும் மதிப்பிட மயிலார் வந்தார். அந்தக் கலையில் தம்மை விஞ்ச ஆளில்லை என்று அவரே பலமுறை அறிவித்திருந்தார். கண்களை மூடிக்கொண்டு, "மரகதத் தென்றல்" என்றார். தோகை தானாக விரிந்தது. "சொறி மருந்து" என்றார். கால் தானாக எழுந்து விலாவைச் சொறிந்தது.

"பார்த்தீர்களா, அம்மணி? முன்னது காவியம், பின்னது வியாதி."

"ஆனால் மழை பெய்தால் கூட்டம் நம் வாசலில்தானே நிற்கிறது, அம்மா?" என்றாள் மகள்.

"எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பது கடைக்காரர் புத்தி, குழந்தாய். நாங்கள் ரசிகர்கள்" என்றார் மயிலார்.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே!" என்றாள் அம்மாள்.

நரி பெருமூச்சு விட்டான். "சரி அக்கா, உங்களுக்காக இந்த நஷ்டத்தை ஏற்கிறேன். உங்கள் பெயரோடு, கல்யாண விருந்துக்கு வைத்திருக்கும் கிழங்கில் பாதியை மட்டும் சேர்த்துக் கொடுங்கள்."

அவனுடைய தாராள மனத்தை எண்ணி அம்மாள் கண்ணீர் விட்டாள். பெயர்கள் கைமாறின. அழைப்பும் போயிற்று. "என்ன பெயர்! என்ன பெயர்!" என்று சம்பந்தி வீட்டார் சொக்கிப்போனார்கள்.

திருமணத்தன்று காலையில் ஆற்றைக் கடந்து வந்த அவர்கள் மைனாவின் முன்னால் நின்றார்கள்.

"ஏதோ அழகாக ஒரு பெயர் சொன்னார்களே... பச்சைப் பூங்காற்றா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"அப்படி ஒரு வீடு இல்லை" என்றது மைனா.

"மாணிக்க மேகமோ?" என்றாள் அவர் மனைவி.

"அதுவும் இல்லை."

"முகூர்த்தம் நெருங்குகிறது! தெரிந்த பெயரைச் சொல்லித் தொலையுங்கள்!" என்றபடி மாப்பிள்ளையின் மாமா முதுகைச் சொறிந்துகொண்டார். பிறகு, பெண்ணின் அம்மாளைப் பற்றி அக்கரையில் எவரோ சொல்லக் கேட்டிருந்த பெயரை அவரே சொன்னார்: "சொறி மருந்து!"

மைனா பறந்தது. தன் வாசலில் வந்து நின்ற ஊர்வலத்தை நரி கைகூப்பி வரவேற்றான். "வாருங்கள், வாருங்கள்! சீர்த்தட்டுகளை இப்படி வையுங்கள்!"

மரகதத் தென்றலில் பச்சைத் தோரணத்தின் கீழே, பாதி விருந்தோடு அம்மாள் காத்திருந்தாள். வந்தவர் மயிலார் ஒருவரே. அவரும் மைனாவைக் கேட்காமல் வாசனை பிடித்து வந்தவர்.

"ஒருவரையும் காணோமே, ஐயா!"

"அந்த அமைதிதான் அம்மணி, இந்தப் பெயரின் மிடுக்கு" என்றபடி அவர் இன்னொரு கிழங்கை எடுத்துக்கொண்டார்.

வெயில் ஏறியது. மகளின் முகம் வாடியது. "அம்மா, அவர்கள் வாயில் நம் பழைய பெயர்தான் வந்திருக்கும்" என்றாள்.

அம்மாள் மாலையை ஒரு கையிலும் மகளை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மைனாவிடம் ஓடினாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதன் காதில் முணுமுணுத்தாள்.

"கேட்கவில்லை. உரக்கச் சொல்லுங்கள்" என்றது மைனா.

"சொறி மருந்து!" என்று காடே அதிரக் கத்தினாள் மணமகளின் தாய்.

முகூர்த்தம் தப்பவில்லை. நரியும் பெரிய மனது பண்ணி, அம்மாளுக்குக் கடைசிப் பந்தியில் ஓர் இலை போடச் சொன்னான்.

நீதி: ஒரு பெயரின் மதிப்பை அறிய விரும்பினால், அது காதுக்கு எப்படி இருக்கிறது என்று கேளாதே, அதைச் சொல்லி வரும் கால்களைப் பார்.