பொங்கலில் கலந்த நெய்

நூலகங்களுக்கான அந்த மென்பொருளை யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம். அதுதான் அதன் உரிமம். திட்டத் தலைவர் ஞானவரதனுக்கோ அதன் அழகு போதவில்லை. திரைக்கு உடுத்திவிட, இணையத்தில் பளபளவென்று ஒரு தீம், யாரோ செய்து வைத்த ஆயத்தத் திரை அலங்காரம், பிடித்தார்.

"இதைச் சேர்த்து நாளைக்கே வெளியிடணும்."

புதிதாக வேலைக்கு வந்த சுடர்விழி தயங்கினாள். "சார், நாம வச்சுக்கலாம், வேற யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு இதைச் செஞ்சவர் போட்டிருக்காரே."

"இத்தனூண்டு தீம்! கலந்துட்டா யாருக்குத் தெரியும்? சொன்னதைச் செய்."

"சரிங்க சார்."

மறுநாள் வெளியீட்டுக்கு முன், ஒரு பாத்திரம் வெண்பொங்கலை அவர் முன்னால் வைத்தாள்.

"உங்க கையால எல்லாருக்கும் கொடுங்க சார். ஆனா நெய் பக்கத்து வீட்டம்மாவோடது. 'நீ சாப்பிடு, வேற யாருக்கும் கொடுக்காதே'ன்னு தந்தாங்க. அதனால நெய்யை மட்டும் கொடுத்துடாதீங்க."

கரண்டியோடு நின்றார் ஞானவரதன். "கலந்த நெய்யை எப்படிம்மா பிரிக்கிறது?"

"முடியாதுதான் சார். அதனாலதான் கலக்குறதுக்கு முன்னாடியே போய்க் கேட்டேன். 'கேட்டியே, அது போதும், தாராளமாக் கொடு'ன்னுட்டாங்க."

ஞானவரதன் எல்லாருக்கும் பொங்கல் பரிமாறினார். வெளியீட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கை கழுவிவிட்டு, தீம் செய்தவரிடம் அனுமதி கேட்டு எழுத உட்கார்ந்தார்.