எதுவும் வேண்டாம் என்ற பெண்

ஊருக்கு வெளியே ஒரு மடம் இருந்தது. பெரிய மடம் இல்லை. ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, நாலைந்து பேர் உட்கார ஒரு கூடம். அங்கே இருந்த குருவுக்கு முரட்டுச் சாமி என்று பெயர். ஏன் என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு தடவை போய்ப் பேசினால் தெரிந்துவிடும்.

அவருடைய சீடர்களில் மூத்தவர் சிவக்கொழுந்து. அரிசி மண்டிக்காரர். ஐம்பதைத் தொட்ட வயசு. வைராக்கியம் என்றால் என்ன, பற்று எப்படி அறும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அத்தனை பாடம் கேட்டிருந்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு மத்தியானம் தட்டு நிறையப் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். முகத்தில் பெருமை வழிந்தது. சாமி கிணற்றடியில் சோற்றுப் பானை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, மண்டிக்கு லீவா?"

"சாமி, ஒரு வரம் கேட்க வந்தேன்."

"கேளு. சீக்கிரம்."

"என் மகள் திலகவதிக்கு நீங்க தீட்சை கொடுக்கணும்."

"என்ன வயசு அவளுக்கு?"

"பதினாறு."

"பதினாறு வயசுப் பொண்ணு சினிமாவுக்குப் போகணும்னு அடம் பிடிக்கும். தீட்சையா கேட்கும்?"

"அவ கேட்கலை, சாமி. நான்தான் கேட்கிறேன். அவளுக்கு வைராக்கியம் வந்துடுச்சு. எனக்கு இத்தனை வருஷமா வராதது அவளுக்குத் தானா வந்துடுச்சு."

சாமி பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"எப்படித் தெரியும்?"

"ருசியை விட்டுட்டா, சாமி. தட்டுல போட்டது போட்டபடி கிடக்கு. ரெண்டு வாய், அவ்வளவுதான்."

"தூக்கம்?"

"அதையும் ஜெயிச்சுட்டா. நான் எப்ப எழுந்து பார்த்தாலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கா."

"சிநேகிதிங்க?"

"யாரும் கிடையாது. வாசல் வரைக்கும் வந்தாலும் பார்க்கிறதில்லை. பள்ளிக்கூடமும் வேணாம்னுட்டா. வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல தேவாரம் பாட வர்ற பொம்பளைங்க எல்லாம் அவ கையாலதான் திருநீறு வாங்கிக்கிறாங்க."

"அவ கொடுக்கிறாளா?"

"கையைப் பிடிச்சு எடுத்துக்கிறாங்க."

சாமி ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். மேலே சொல்லு என்பதுபோல் பார்த்தார்.

"இப்ப நாலைஞ்சு நாளா இன்னும் ஒரு படி மேலே போயிட்டா. பொருள் பற்று சுத்தமாப் போச்சு. கொலுசைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துட்டா. சைக்கிளைத் தன்னோட படிச்சவளுக்கு. போனையும் கொடுத்துட்டா, சாமி! இந்தக் காலத்துல எந்தப் பொண்ணு போனைக் கொடுக்கும்?"

சிவக்கொழுந்து அப்போது சாமியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. சொல்கிற சந்தோஷத்தில் இருந்தார்.

"இன்னிக்குக் காலையில என் காலில் விழுந்தா. அவ அம்மா காலிலும் விழுந்தா. ஏதாவது தப்புப் பண்ணியிருந்தா மன்னிச்சுடுங்கன்னா. இத்தனை நாள் இல்லாத அமைதி அந்த முகத்துல. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

சாமி எழுந்துவிட்டார்.

"இப்ப எங்கே இருக்கா?"

"வீட்டுலதான்."

"கூட யாரு?"

"யாருமில்லை. அவ அம்மா கோயிலுக்குப் போயிருக்கா. இவ தியானத்துல இருக்கப் போறேன், கூப்பிட வேணாம்னா. யாரும் கதவைத் தட்டாதீங்கன்னு தெருவுலயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"வண்டியை எடு."

"சாமி, பழம்..."

"வண்டியை எடுடா, முட்டாளே!"

சாமி அவரைத் திட்டாத நாள் கிடையாது. ஆனால் இந்தக் குரல் புதுசு. இதில் கோபம் இல்லை. குரு பயந்து சிவக்கொழுந்து பார்த்ததே இல்லை. இப்போது பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்குப் போன் போடு. கதவைத் தட்டச் சொல்லு."

பக்கத்து வீட்டு ரெஜினா டீச்சர் எடுத்தார்.

"நீங்கதானே அண்ணே தட்டக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"தட்டுங்க டீச்சர். இப்பவே."

டீச்சர் போனோடு போய்க் கதவைத் தட்டினார். சத்தம் போன் வழியாக மடத்து வாசல் வரை கேட்டது. "திலகா! அம்மா திலகா!" பதில் இல்லை.

"திறக்கலையே அண்ணே."

சாமி போனைப் பிடுங்கினார். "திறக்கிற வரைக்கும் தட்டு, தாயி. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இரு. தெருவைக் கூட்டு."

வண்டி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்த சாமி காவி வேட்டியை மடித்துச் சொருகிக்கொண்டு சிவக்கொழுந்தின் தோளைப் பிடித்திருந்தார்.

"ஏன் ஊர்ந்து போறே?"

"வேகமாத்தான் போறேன், சாமி."

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சிவக்கொழுந்து டீச்சருக்கு மறுபடி போன் அடித்தார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

"சாமி, என்ன நினைக்கிறீங்க? சொல்லுங்க, சாமி."

"சொல்ல மாட்டேன்."

"அவ தியானத்துலதானே இருப்பா?"

சாமி ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டு வாசலில் கூட்டம். கதவு மூடியே இருந்தது. டீச்சரின் விரல் முட்டிகள் சிவந்துபோயிருந்தன. தொண்டை கட்டிவிட்டது. ஆனாலும் தட்டிக்கொண்டிருந்தார். சிவக்கொழுந்து கதவில் போய் விழுந்தார்.

"திலகா, அப்பா வந்திருக்கேன். திறம்மா."

சத்தமே இல்லை. ரொம்ப நேரத்துக்கு.

அப்புறம் தாழ்ப்பாள் விலகியது.

திலகவதி நின்றாள். கண் எங்கோ இருந்தது. கூட்டத்தில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டீச்சர் நிறுத்தவே மாட்டேங்கிறாங்க," என்றாள் திலகவதி, புகார் சொல்வதுபோல.

"டீச்சர் மட்டும் இரு. மத்தவங்க போங்க, இங்கே கூத்து ஒண்ணும் நடக்கலை," என்று கூட்டத்தை விரட்டினார் சாமி. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். எதிரே அவளையும் உட்காரச் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை.

"செத்துப் போயிடலாம்னு இருக்கியா?"

"சாமி!" சிவக்கொழுந்து பதறினார். "அந்தப் பேச்சை எடுக்காதீங்க. நீங்களே அவ தலையில ஏத்திவிடாதீங்க!"

சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளையே பார்த்தார். காத்திருந்தார்.

"ஆமா," என்றாள் திலகவதி.

சொன்ன பிறகு அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"யாருகிட்டயாவது சொன்னியா, அம்மாடி?"

"அப்பாகிட்ட."

"என்கிட்டயா? எப்பம்மா சொன்னே? நீ சொல்லவே இல்லையே!"

"எதுவுமே பிடிக்கலை, எதுவுமே வேணாம்னு தோணுது, எதுக்கு இருக்கோம்னே தெரியலைன்னு சொன்னேனேப்பா." அவள் பாவாடையைக் கசக்கினாள். "நீங்க என்னைக் கையெடுத்துக் கும்பிட்டீங்க."

சிவக்கொழுந்து சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"அழறதை அப்புறம் வெச்சுக்கோ," என்றார் சாமி. "ஆட்டோ கூப்பிடு. பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். மனசுக்குப் பார்க்கிற டாக்டர் இருக்காங்க."

"மனநல டாக்டரா? ஊர்ல என்ன பேசுவாங்க, சாமி? நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது பொல்லாது... நீங்களே ஒரு மந்திரம் சொல்லி, திருநீறு பூசி..."

"பூசறேன். ஆட்டோ வர்ற வரைக்கும்."

திலகவதி தலை நிமிர்ந்தாள். "நான் பைத்தியமா, சாமி?"

"இல்லை. உடம்பு சரியில்லாதவ. பசிக்கலை, தூங்கலை, எப்பவோ ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் தனியாத் தூக்கிச் சுமக்கிறே. எனக்கு இந்த வைத்தியம் தெரியாது. தெரிஞ்சவங்ககிட்டப் போகலாம்."

"அவங்க என்ன கேட்பாங்க?"

"நான் கேட்டதைத்தான் கேட்பாங்க. என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லு. நான் வெளியே பெஞ்சில இருப்பேன்."

"போயிட மாட்டீங்களே?"

"எனக்கு வேற வேலை என்ன? பானை கழுவியாச்சு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் செருப்பைத் தேடினாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். திலகவதியிடம் தனியாகப் பேசினார். நெடுநேரம் ஆயிற்று. பிறகு சிவக்கொழுந்தைக் கூப்பிட்டார். இது ஒரு நோய், இந்த வயசில் நிறையப் பேருக்கு வருகிறது, மாத்திரை உண்டு, பேசிப் பேசிச் சரி செய்வதும் உண்டு என்றார். சில நாள் இங்கேயே இருக்கட்டும், வீட்டுக்கு வந்தாலும் தனியாக விடாதீர்கள், அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றார்.

"குணமாயிடுமா?"

"ஆகும். அவசரப்படுத்தாதீங்க."

சிவக்கொழுந்து வெளியே வந்தார். சாமி பெஞ்சில் சொன்னபடி உட்கார்ந்திருந்தார். வார்டு ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தது. திலகவதி படுத்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா, கோயிலிலிருந்து ஓடிவந்த கோலத்தில்.

"சாமி, டாக்டர் குணமாகும்னு சொல்லிட்டாங்க."

"ம்."

"கண்ணை மூடித் தூங்குறா, பாருங்க. இனிமே பயமில்லை இல்லையா, சாமி?"

"எனக்கு இருக்கு," என்றார் சாமி. "நீயும் கொஞ்சம் வெச்சுக்கோ."