இடப்பக்கம் சாயும் குதிரை

நில அளவைத் துறையில் ஓய்வுபெற்ற பிறகு சவாரி பயில வந்தவர் கணபாலன். ஆசான் அரியநாச்சி அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் கணபாலன் நான்கு ஆண்டுகளாக அவரை 'ஆசானே' என்றுதான் அழைத்துவந்தார். ஆசான் அவரை 'ஐயா' என்பார்.

அந்தக் குதிரைப் பண்ணையில் கற்பித்தது மேற்கத்திய முறை, மாடு மடக்குவோரின் முறை. கடிவாள வார்கள் இரண்டும் ஒரே கையில் தளர்ந்து கிடக்கும். வார் கழுத்தைத் தொட்டதும் மட்டக்குதிரை பின்னங்கால்களில் உட்கார்ந்தாற்போல் உடலைத் தாங்கி, முன்பாரத்தை இலேசாக்கித் திரும்ப வேண்டும். கணபாலனிடம் பழக்கத் தந்த குதிரைகளோ இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் முன்தோளில் சரிந்தன.

பழக்க இயலாத குதிரைக்குப் பழக்கியவரே தள்ளுகைச் சீட்டு எழுதுவார், ஆசான் ஒப்பமிடுவார். ஒப்பம் விழுந்த மறுநாள் குதிரை மலைமேல் உள்ள சுண்ணாம்புச் சூளைக்கு மூட்டை சுமக்கப் போய்விடும். அவர் பழக்கிய கரிச்சானும் பூவரசியும் அப்படித்தான் போயின. இப்போது மூன்றாவதான செவலைக்கும் சீட்டு எழுதி எடுத்துவந்தார் கணபாலன். வழியில், சேணம் தைக்கும் மாசிலாமணி, இடப்பக்கமே இல்லாத குதிரை எங்காவது கிடைத்தால் சொல்லியனுப்புவதாகக் கூறிச் சிரித்தார். கணபாலன் சிரிக்கவில்லை.

ஆசான் சீட்டைப் படித்தார். 'பிறவிக் கோணல்' என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தது.

"இதற்குச் சமநிலையை எப்படித்தான் புகட்டுவது, ஆசானே? நான் செய்யாதது ஏதாவது உண்டா?"

ஆசான் ஒரு பலகையின் நடுவில் அடியே கட்டையை வைத்து, ஒரு முனையில் அவரை உட்காரச் சொன்னார். மறுமுனையில் இருந்த கோணிப்பையில், பலகை சமமாகும்வரை மணலைக் கொட்டினார். பிறகு ஆட்கள் இருவர் அந்த மூட்டையைத் தூக்கிச் செவலையின் சேணத்தில் இறுகக் கட்டினர். வார்களைச் சேணத்தின் முன்கொம்பில் தளர்வாக முடிந்துவிட்டு, வட்டக் களத்தில் ஒரு கன்றை விடச் சொன்னார் ஆசான்.

கன்று வலப்பக்கம் பாய்ந்தது. செவலை மறித்தது. கன்று இடப்பக்கம் திரும்பியது.

கணபாலன் செவலையின் இடத்தோளையே பார்த்தார்.

செவலை பின்னங்கால்களில் அமர்ந்து, முன்னங்கால்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கடத்தி, புழுதிகூட எழாமல் திரும்பியது. கன்று மீண்டும் மீண்டும் இடப்பக்கமே ஓடிப் பார்த்தது. ஒருமுறைகூடத் தோள் தாழவில்லை.

"இடப்பக்கம் திருப்பும்போது நீங்கள் என்ன செய்வீர்கள், ஐயா?"

"கவனமாக இருப்பேன். தோள் தாழ்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒரு திருப்பத்தைக்கூடப் பார்க்காமல் விட்டதில்லை."

"எந்தப் பக்கம் குனிவீர்கள்?"

கணபாலன் நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்தார். தம் தலையின் பாரமும் தோளின் பாரமும் நான்கு ஆண்டுகள் எந்தப் பக்கம் விழுந்தன என்பதை அவருடைய உடம்பே அவருக்குக் கூறிற்று.

"மூட்டை எதையும் பார்ப்பதில்லை" என்றார் ஆசான்.

சீட்டைக் கிழித்துவிடலாமே என்று கணபாலன் தாழ்ந்த குரலில் கேட்டார். ஆசான் கிழித்தார். செவலையை நாளை முதல் வேறொருவர் பழக்குவார் என்றும் சொன்னார். கணபாலன் களத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"இது உங்களுக்கு எப்போது தெரிந்தது, ஆசானே?"

"ஒரு குதிரை கோணலாகப் பிறக்கலாம். இரண்டுகூடப் பிறக்கலாம். மூன்றாவதும் கோணல் என்று நீங்கள் சொல்லத் தொடங்கியபோது ஐயம் வந்தது. சென்ற வாரம் சூளைக்குப் போய்வந்தேன்."

சூளைக்கு ஏறும் பாதை கணபாலன் பணியில் இருந்தபோது அளந்த பாதை. ஒரு முழ அகலம். பதினான்கு கொண்டை வளைவுகள். அவற்றுள் பாதி இடப்பக்கம் திரும்புபவை. முதுகில் சுண்ணாம்புக்கல் மூட்டையோடு ஒரு குதிரை அங்கே நாளொன்றுக்கு ஆறு நடை ஏற வேண்டும்.

"கரிச்சானைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். பூவரசியையும் பார்த்தேன். இரண்டுக்கும் சுண்ணாம்பு பட்டுக் கண் மங்கிவிட்டது."

கணபாலன் வேலியிலிருந்து கையை எடுத்தார். அடுத்த கேள்வியைக் கேட்கும்போது தம் குரலில் இருந்தது கவலை அன்று, ஆசை என்பதை அவரே உணர்ந்தார்.

"வளைவுகளில் அவை சாய்கின்றனவா?"

ஆசான் அவரை நேராகப் பார்த்தார்.

"அந்தச் சீட்டுகளில் இருந்தது என் ஒப்பம். சாய வேண்டும், சாய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் நானும் மலையேறினேன், ஐயா."