பூங்கோதை வைத்த விதி

பழைய வெண்கலப் பாத்திரங்களைச் செல்போனில் ஏலம் விட்டுப் பிழைக்கிறவள் பூங்கோதை. ஒவ்வொரு ஏலத்துக்கும் மேலே கொட்டை எழுத்தில் போட்டுவிடுவாள்: "பிடிக்கலைன்னா ஒரு வாரத்துல திருப்பித் தரலாம். அடுப்புல ஏத்தியிருந்தா வாங்க மாட்டேன்."

பெரிய உருளி ஒன்றை ஏலத்தில் எடுத்தார் ரைஸ்மில் முதலாளி தணிகாசலம். மகள் கல்யாணம் முடிந்த மறுநாளே, பளபளவென்று தேய்த்த உருளியோடு காரில் வந்து இறங்கினார்.

"பிடிக்கல, பணத்தை எடு. அடுப்பையே பார்க்காத பாத்திரம் இது. முடியாதுன்னு சொன்னே, ஏமாத்துக்காரின்னு எழுதிப் போட்டுருவேன். அப்புறம் ஒரு பய உங்கிட்ட ஏலம் கேக்க மாட்டான்!"

தெருவே கூடிவிட்டது. பூங்கோதை பதறவில்லை. பணப்பெட்டியைத் திறந்தபடியே பேச்சுக் கொடுத்தாள்.

"தந்துடறேங்கய்யா. கல்யாணப் பாயசத்தைத்தான் ஊரே பேசுது. ஆனா அந்தச் சமையல்காரரு, எல்லாம் என் கைப்பக்குவம்னு பீத்திக்கிட்டுத் திரியறாராமே?"

முதலாளிக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்.

"அவன் கிடக்கான்! அலுமினிய அண்டாவுல காய்ச்சியிருந்தா அந்த ருசி வருமா? நான் எடுத்த உருளியில காய்ச்சினதாலதான் வந்துச்சு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாரும் சொல்லாமலே டிரைவர் உருளியைத் தூக்கிக் காரில் வைத்தார்.

பூங்கோதை பெட்டியைச் சாத்தினாள். "பத்திரமா வச்சுக்குங்கய்யா. பேரன் பொறந்தா இன்னொரு பாயசம் வேணாமா?"